கார் கப்பலில் தீப்பிடித்தால்: தண்ணீருக்கு ஓடாதீர்கள், கதவைச் சாத்துங்கள்

போன கிழமை மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி அழைத்தான். கார் ஏற்றும் கப்பலில் முதல் ஒப்பந்தம் சரிவந்திருக்கிறது, அடுத்த மாதம் ஏறுகிறான். அரை மணித்தியாலம் கதைத்தோம். சம்பளம் கேட்டான், சாப்பாடு கேட்டான், கப்பலில் வைஃபை இருக்குமா என்று இரண்டு தரம் கேட்டான். நெருப்பைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. நானும் பயிற்சி நிலையத்தில் ஒரு தகரப் பீப்பாவில் டீசலைக் கொளுத்தி நூர்த்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற நினைப்போடு கப்பலேறியவன்தான். அவனுக்குப் போனில் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கப்பலை விளங்கிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் இல்லாத பெரிய சப்பாத்துப் பெட்டி. உள்ளே மாடி மாதிரி 10, 12 தட்டுகள், 5,000 கார், பெரிய கப்பலென்றால் 7,000, 8,000, அதற்கு மேலும் பிடிக்கும், ஆனால் வேலையாட்கள் நாங்கள் 20 பேருக்குக் கொஞ்சம் கூட. எண்ணெய்க் கப்பலை அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். இங்கே வாகனம் ஓடித் திரிய வேண்டும் என்பதால் தட்டுகளில் குறுக்குச் சுவர் இல்லை, இந்தத் தலையில் பிடித்தால் அந்தத் தலைவரை போவதற்கு நெருப்புக்குத் தார் ரோட்டுப் போட்டுக் கொடுத்த மாதிரி. கூரை தலையில் முட்டுகிற உயரம். காருக்கும் காருக்கும் இடையில் பல இடத்தில் ஒரு சாண்கூட இருக்காது. முதுகில் காற்றுச் சிலிண்டரும் கையில் ஹோஸுமாக அந்தச் சந்துக்குள்ளால் போய்ப் பாருங்கள், பத்து மீற்றர் போவதற்குள் நாக்குத் தள்ளும்.

அதனால்தான் இந்தக் கப்பலின் தீயணைப்பு, ஹோஸ் பிடித்து வீரம் காட்டுகிற வேலையாக இல்லை. இதை நான் கப்பலில் படிக்க முதலே ஒட்டுசுட்டானில் பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பு கரி சுட்டவர். விறகை அடுக்கி, பச்சைக் குழை போட்டு, மேலே மண் மூடி, ஒரு ஓட்டையால் நெருப்பு வைப்பார். உள்ளே நன்றாகப் பிடித்ததும் ஓட்டைகளை அடைத்துவிடுவார். பிறகு நாலைந்து நாளுக்கு அவருக்கு ஒரே வேலை, மண் வெடித்த இடங்களைத் தேடித் தேடிப் பூசுவது. விரல் போகிற வெடிப்பை விட்டாலும் அந்தப் பக்கத்து விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடும். ஒருமுறை நான் அவசரப்பட்டு ஒரு மூலையைக் கிண்டி, "நூந்திட்டுது அப்பு" என்று சொல்லி வாய் மூடவில்லை, குப்பென்று பிடித்தது. "மூச்சு விட விட்டியோ, எல்லாம் போச்சு" என்றார். நெருப்பை மூச்சடைக்க வைக்கும் வாயுவை உள்ளே விட்டு மூடிய கார்த் தட்டும் அந்தச் சூளையும் ஒன்றுதான், ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏறிய முதல் நாள்

பெட்டியைக் கேபினில் வைத்துவிட்டுப் படுக்காதீர்கள். நீங்கள் வேலை செய்யப்போகும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் வெளியேறும் வழி இரண்டைக் கண்டுபிடியுங்கள். ஒன்று காணாது, புகை வந்தால் அந்த ஒன்றுதான் முதலில் அடைபடும். படிக்கட்டுக் கதவிலிருந்து உங்கள் இடம் வரைக்கும் எத்தனை தூண் என்று எண்ணுங்கள். கூரை பதிவு என்பதால் புகை இறங்க நிமிடக் கணக்குத்தான், அப்போது தரையோடு தவழ்ந்து தூணைத் தடவித் தடவித்தான் வர வேண்டும். தப்பி ஓடுவதற்கென்று ஆங்காங்கே சின்னச் சுவாசப் பைகள் மாட்டியிருக்கும். அதில் 10 நிமிடக் காற்றுத்தான் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு நெருப்பை நூர்க்கப் போனவன் திரும்பி வரமாட்டான்.

அப்புறம் டம்பர்கள். தட்டுகளுக்குக் காற்று போகிற குழாய்களை மூடும் இரும்பு மூடிகளைத்தான் சொல்கிறேன். பெற்றோல் ஆவியும் எஞ்சின் புகையும் தேங்காமலிருக்க இந்தத் தட்டுகளில் பெரிய விசிறிகள் ஓடிக்கொண்டேயிருக்கும், நெருப்பு வந்தால் அதே விசிறிகள் ஊதுகுழல். நிறுத்தி, டம்பரை மூடினால்தான் சூளை சூளையாகும். நான் போன கப்பல் ஒன்றில் மேல்தட்டு டம்பர் ஒன்றுக்கு மாதாமாதம் 'சரி' என்று பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. நான் பிடித்து இழுத்தபோது கைப்பிடி சுகமாகத் திரும்பியது, மிகச் சுகமாக. சந்தேகப்பட்டு உள்ளே ரோச் லைற் அடித்துப் பார்த்தால் தண்டு துருப்பிடித்து முறிந்து, மூடி திறந்தபடியே உப்பில் இறுகிக் கிடக்கிறது. வெளியே கைப்பிடி 'மூடியது' என்கிறது, உள்ளே ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருக்கிறது. தட்டு வேலையாட்களின் தலைவரான போசனும் நானும் அதைத் திருத்த இரண்டு நாள் மினக்கெட்டோம். ஆகவே கைப்பிடியை நம்பாதீர்கள், மூடி அசைகிறதா என்று கண்ணால் பாருங்கள். கதவுகளுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒருவர் உள்ளே நின்று, கதவைச் சாத்தி, விளிம்பைச் சுற்றி ரோச் அடிக்கட்டும். இருட்டில் வெளியே நிற்பவருக்கு எந்த இடத்தில் வெளிச்சம் தெரிகிறதோ அந்த இடத்தில் றப்பர் போய்விட்டது.

ஏற்றும்போது

நடுக்கடலில் தானாக வந்தது என்று நினைக்கிற பல நெருப்புகள் துறைமுகத்திலேயே கப்பலேறியவை. 2020 ஜூன் 4ஆம் திகதி அமெரிக்காவின் ஜாக்சன்வில் துறைமுகத்தில் ஹோயெக் சியாமென் என்ற கப்பல் 2,420 பழைய வாகனங்களை ஏற்றி முடித்துப் புறப்பட இருந்தது. ஒரு வாகனத்தின் மின்கோளாறிலிருந்து நெருப்பு. விசாரணையில் வந்தது என்ன தெரியுமா? பழைய வாகனங்களின் பற்றரி வயரைக் கழற்றி, முனையை மூடிக் கட்ட வேண்டும் என்ற விதியைச் சரியாகச் செய்யவில்லை, மேற்பார்வையும் இல்லை. ஏற்றும்போது எஞ்சின் புகைக்கு அலாரம் அடித்துக்கொண்டேயிருக்கும் என்பதால் புகை உணரிகளை நிறுத்தி வைப்பது வழக்கம், ஏற்றி முடிந்ததும் அதை உடனே திரும்பப் போடவில்லை. வாயு விடவும் தாமதம். 9 தீயணைப்பு வீரர்கள் காயப்பட்டார்கள், கப்பல் உருப்படவில்லை. முதல் இரண்டும் சின்ன வேலைகள், அவற்றை நாளைக்கு உங்களைப் போன்ற ஒரு கடைநிலை ஆளிடம்தான் சொல்வார்கள்.

புதுக் காரைவிடப் பழைய காருக்குப் பயப்படுங்கள். ஜப்பானிலிருந்து பாவித்த கார்கள் வரும் முறை எங்களுக்குப் புதிதில்லை, 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு ஏ9 ரோட்டில் பளபளவென்று ஓடுவதில் கனக்க அப்படி வந்தவைதான். அம்பாந்தோட்டையில் கார்கள் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய கார் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் இருக்கும், அது உங்களுக்குத் தெரியாது. எங்கேயோ அடிபட்டது, யாரோ ஒரு கராஜ்காரன் வயரை முறுக்கி ரேப் சுற்றி விட்டது, எல்லாம் அதற்குள் இருக்கும். உள்ளே வருவதை வடிவாகப் பாருங்கள். பெற்றோல் மணக்கிறதா? குனிந்து கீழே பாருங்கள், சொட்டுகிறதா? உள்ளே வீட்டுச் சாமான், காஸ் சிலிண்டர், உபரி பற்றரி ஏதாவது அடைத்து வைத்திருக்கிறார்களா? நிறுத்திக் கட்டி முடித்து அரை மணி, முக்கால் மணி கழித்து ஒரு சுற்றுப் போய்ப் பின்னங்கையால் பொனற்றைத் தொடுங்கள். ஓடி வந்த கார் சூடாக இருப்பது சரி, நேரம் போகப் போக ஆறாமல் சூடு ஏறுகிற கார் சரியில்லை. மணம் பிடித்தால், மணம் எங்கிருந்து என்று தெரியாவிட்டாலும், கப்டனுக்கு அடுத்தவரான சீஃப் ஒபிசரிடம் சொல்லிவிடுங்கள். விசரன் என்று சிரித்தால் சிரிக்கட்டும்.

ஸ்ராட் வராத காரை இன்னொரு காரால் முட்டித் தள்ளி ஏற்றுவதைக் கண்டால் அங்கே ஒரு ஆளாவது தீயணைப்பானோடு நிற்க வேண்டும். 2023 ஜூலை 5, நியூவார்க் துறைமுகத்தில் கிராண்டே கோஸ்டா டாவோரியோ கப்பலில் அப்படித் தள்ளப் பாவித்த ஜீப்தான் பற்றியது. வாயு விட்டார்கள், ஆனால் மேலே ஒரு பெரிய கதவு திறந்தபடி. அதைச் சாத்தும் சுவிட்ச் நெருப்பிருந்த பகுதிக்குள்ளேயே இருந்ததால் வெளியிலிருந்து சாத்த வழியில்லை. பிறகு உள்ளே போன ஊர்த் தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் வழி தெரியாமல் அங்கேயே இறந்துபோனார்கள். உங்கள் கப்பலில் ஒவ்வொரு கதவின் சுவிட்சும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதல் கிழமையே பார்த்து வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடலில் ஓடும்போது பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரோந்து போங்கள், கட்டுப் பட்டிகள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றுக்காகக் கதவுக்குக் கட்டை கொடுத்து வைக்கும் கெட்ட பழக்கத்தை, யார் செய்தாலும், போகிற போக்கில் எடுத்துவிடுங்கள்.

புகையைக் கண்டால்

முதலில் சத்தம், பிறகுதான் மற்றதெல்லாம். அலாரத்தை அடியுங்கள், கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜுக்கு வோக்கியில் எந்தத் தட்டு, எந்தப் பக்கம், எந்தத் தூண் எண் என்று சொல்லுங்கள். "கீழே புகை" என்று சொன்னால் மேலே இருப்பவனுக்கு அது ஒன்றுமே சொல்லாத மாதிரி. நெருப்புச் சின்னதாக, ஒரு காரின் பொனற்றுக்குள் மட்டும், வெளியேறும் கதவு உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஒரு தீயணைப்பானை அடித்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும். அது முடிந்தும் நூரவில்லையென்றால் இரண்டாவதைத் தேடி ஓடாதீர்கள், வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். பொனற்றைத் திறந்து பார்ப்போம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், திறந்த கணம் காற்றுப் புகுந்து முகத்துக்கு நேரே எழும்பும்.

இனி விசிறிகள் நிற்கும், டம்பர்கள் மூடப்படும், எல்லோரும் ஒன்றுகூடும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆள் எண்ணுவதைச் சும்மா ஒரு சடங்கென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பயிற்சி அலாரத்தில் நாங்கள் 21 பேர் வந்து நின்றோம், ஒருவரைக் காணவில்லை. தூத்துக்குடிக்காரரான சீஃப் ஒபிசர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "தம்பி, இப்ப நான் கேஸ் விடணுமா வேண்டாமா? நீயே சொல்லு" என்றார். எனக்கு வாய் வரவில்லை. ஏழு நிமிடம் கழித்துக் பயிற்சிக்கு வந்த கடெற் பையன் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்தான். உண்மையான நெருப்பில் அந்த ஏழு நிமிடத்தில் பக்கத்துக் கார், அதற்குப் பக்கத்துக் கார் என்று வரிசையாகப் பிடித்திருக்கும். அலாரம் கேட்டதும் செருப்போடாவது ஓடி வாருங்கள்.

ஏன் இவ்வளவு எண்ணுகிறோம் என்றால், விடப்போவது காபனீரொட்சைட்டு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடப் பாரம். கார்த் தட்டுகளுக்கான சர்வதேச விதியின்படி, அடைக்கக்கூடிய மிகப் பெரிய பகுதியின் கொள்ளளவில் 45 விழுக்காட்டுக்குப் போதுமான வாயு கப்பலில் இருக்க வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கு 10 நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். கணக்குப் பாருங்கள்: 20,000 கன மீற்றர் பகுதிக்கு 9,000 கன மீற்றர் வாயு, அதாவது கிட்டத்தட்ட 16 தொன். அதற்குள் ஒரு மனிதன் நின்றால் சில மூச்சிலேயே விழுந்துவிடுவான். வாயு வருவதற்கு முன் தனியாக ஒரு ஹோர்ன் அலறும், சிவப்போ மஞ்சளோ விளக்குச் சுழலும். அந்தச் சத்தம் எது என்று முதல் நாளே கேட்டு மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும்.

வாயுவை விடச் சொல்வது கப்டன். நீங்கள் செய்யக்கூடியது அவருக்குத் தாமதம் இல்லாமல் செய்வது: எங்கே நெருப்பு என்று சரியாகச் சொன்னது, கதவுகள் சாத்தியாயிற்று என்று கண்ணால் பார்த்துச் சொன்னது, ஒன்றுகூடும் இடத்துக்கு உடனே வந்தது. மிகப் பெரிய பகுதி ஒன்றுக்கு அளந்துதான் வாயு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். தட்டுக்குத் தட்டு கார் ஏறும் சாய்பாதையின் கதவு, அதாவது ராம்ப் கதவு ஒன்று திறந்திருந்து இரண்டு பகுதிக்கும் பரவினால் எதற்கும் காணாது, திரும்பக் கேட்டு வாங்க நடுக்கடலில் கடையும் இல்லை.

மின்சாரக் கார்

இங்கேதான் அப்புவின் சூளை பிழைக்கிறது. விறகு எரிய வெளிக்காற்று வேண்டும். இலித்தியம் பற்றரிக்குள் ஒரு செல் சூடேறிச் சிதையத் தொடங்கினால், எரிவதற்கான ஒட்சிசனில் ஒரு பகுதி அதன் உள்ளிருந்தே வெளிப்படும், பக்கத்துச் செல்லையும் சூடாக்கிக்கொண்டு போகும். காபனீரொட்சைட்டு அதைக் குளிர வைக்காது. ஆனால் வாயு விடுவது வீண் என்று இதிலிருந்து நினைக்காதீர்கள், பற்றரி பற்றரியாக எரிந்தாலும் அதைச் சுற்றியிருக்கும் நூறு காரின் ரயரும் பிளாஸ்டிக்கும் பிடிக்காமல் தடுப்பது அதுதான். பற்றரிப் புகையில் ஹைதரசன் புளோரைட்டு இருக்கும், தோலையும் நுரையீரலையும் அரிக்கிற நஞ்சு. சுவாசக் கருவி இல்லாமல் அந்தப் புகைக்குக் கிட்டவும் போகக்கூடாது.

அதற்காக எல்லாப் பழியையும் மின்சாரக் காரில் போடுவதும் சரியில்லை. 2022 பெப்ரவரியில் அசோர்ஸ் தீவுகளுக்குக் கிட்ட எரிந்து மார்ச் 1இல் மூழ்கிய பெலிசிற்றி ஏஸில் ஏறத்தாழ 4,000 கார். 2023 ஜூலையில் நெதர்லாந்துக் கரையில் எரிந்த பிரீமாண்டில் ஹைவேயில் 3,783 வாகனம், அதில் 498 மின்சாரக் கார். எல்லோரும் அந்த 498ஐத்தான் திட்டினார்கள், கப்பலைக் கரைக்கு இழுத்து வந்து பார்த்தால் கீழ்த் தட்டுகளில் மின்சாரக் கார்கள் எரியாமல் நின்றன. 2025 ஜூனில் அலாஸ்காவுக்கு அப்பால் மோர்னிங் மிடாஸ், 3,048 வாகனம். நெருப்பை அடக்க முடியாமல் 22 பேரும் கப்பலைக் கைவிட்டுத் தப்பினார்கள், கப்பல் 20 நாள் கழித்து மூழ்கியது. எது முதலில் பிடித்தது என்று ஆராய்வது கரையிலிருப்பவர்கள் வேலை. உங்களுக்குத் தேவையானது, எந்தத் தட்டில் எந்த வரிசையில் மின்சாரக் கார், ஹைபிரிட் நிற்கிறது என்ற வரைபடம். அது தீயணைப்புத் திட்டத்தோடு இருக்க வேண்டும். அடிபட்ட பற்றரிக் காரை ஏற்றச் சொன்னால் ஒபிசரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீரும் கைவிடுதலும்

மூடிய பிறகு ஹோஸுக்கு வேலை வெளியே. பக்கத்துச் சுவர், மேல் தட்டு, இவை சூடேறி அடுத்த பக்கத்தைப் பற்ற வைக்காமல் வெளியிலிருந்து குளிர வைக்க வேண்டும். சுவரில் சோக்கால் கோடு போட்டு, அரை மணிக்கு ஒருமுறை சூடு எந்தக் கோடுவரை வந்தது, எத்தனை பாகை என்று எழுதுங்கள். உள்ளே கண்டபடி தண்ணீர் அடிக்கக் கூடாது. தடுப்புச் சுவர் இல்லாத தட்டில் தேங்கும் தண்ணீர், கப்பல் சரியச் சரிய ஒரு பக்கமாக ஓடிச் சேரும். அகலத் தட்டத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு நடந்து பார்த்தால் விளங்கும். 2006 பெப்ரவரியில் செங்கடலில் அல் சலாம் பொக்காச்சியோ 98 என்ற வாகனப் பயணிகள் கப்பல் கவிழ்ந்து ஆயிரம் பேர் வரை இறந்தது நெருப்பால் மட்டும் அல்ல, நெருப்பை நூர்க்க அடித்த தண்ணீர் வாகனத் தட்டில் தேங்கியதால். தண்ணீர் போகும் வடிகால் ஓட்டைகளில் துணித்துண்டு, பட்டி, குப்பை அடைத்திருக்கிறதா என்று ரோந்தில் பார்ப்பது இதற்காக.

கப்பலைக் கைவிடச் சொன்னால் வாதாட வேண்டாம். பிரீமாண்டில் ஹைவேயில் புகை படகுப் பக்கத்தைச் சூழ்ந்து, சிலர் அவ்வளவு உயரத்திலிருந்து கடலில் குதித்தார்கள், ஒருவர் இறந்தார். உயிர்காப்பு அங்கியை எங்கே வைத்தீர்கள் என்று நித்திரையிலும் தெரிந்திருக்க வேண்டும். ரோச், கையுறை, நீளக் காற்சட்டை, சப்பாத்து நாலையும் கட்டிலுக்குக் கீழே ஒரே இடத்தில் வையுங்கள்.

எப்போது திறப்பது

இதுதான் மிகவும் கஷ்டமான பகுதி, ஏனென்றால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. சோக்குக் கோட்டில் சூடு இறங்கியிருக்கும், புகை குறைந்திருக்கும், யாராவது ஒருவர் "கொஞ்சமாகத் திறந்து பார்ப்போம்" என்று தொடங்குவார். கொஞ்சமாகத் திறப்பது என்று ஒன்று கிடையாது. நான் கிண்டிய மூலையும் கொஞ்சம்தான். உள்ளே இரும்பும் இருக்கைப் பஞ்சும் தணலாகக் கிடக்கும், காற்றுப் போனால் எல்லாம் முதலிலிருந்து, இந்தத் தடவை விடுவதற்கு வாயுவும் இருக்காது. மணித்தியாலக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. கரைக்குக் கிட்ட வந்து தீயணைப்புக்காரர் வரும்வரை மூடியே வைத்திருப்பது முடிந்தால் அதுதான் நல்லது. திறந்து காற்றோட்டம் கொடுத்த பிறகும் முதலில் இறங்குவது சுவாசக் கருவி போட்ட இரண்டு பேர், கையில் வாயு மீற்றர், வெளியே ஹோஸோடு இன்னும் இரண்டு பேர். ஒட்சிசன் 20.9 காட்ட வேண்டும், மேல் தட்டில் மட்டும் அளந்துவிட்டு வரக்கூடாது. காபனீரொட்சைட்டு பாரம் என்பதால் கடைசியாகப் போவது கீழ்த் தட்டிலிருந்தும் மூலைகளிலிருந்தும். மீற்றரைக் கயிற்றில் கட்டி, முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அங்கேயும் 20.9 வந்து, நச்சு வாயுவும் இல்லையென்று மீற்றர் காட்டிய பிறகு மாஸ்க்கைக் கழற்றுங்கள்.